கேள்வி – பதில்: ஒரு வீட்டுக்கு ஒன்பது டம்ளர் எதற்கு?

அமெரிக்காவில் பரவிய ஸ்டான்லி டம்ளர் (சூட்டையும் குளிரையும் காக்கும் எஃகு டம்ளர்) மோகம் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில்.

டல்லாஸில் இருக்கும் மகள் வீட்டு அலமாரியில் ஒரே மாதிரியான ஒன்பது ஸ்டான்லி டம்ளர்களைப் பார்த்தேன். நிறம் மட்டும்தான் வேறு. ஒன்று 45 டாலராம். தண்ணீர் குடிக்க ஒன்று போதாதா? எப்படி இந்தப் பழக்கம் வந்தது?
– வாசகி, கோயம்புத்தூர்

போதும். இந்த மோகத்தைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நல்ல எவர்சில்வர் ஃப்ளாஸ்க் ஒன்றை வாங்கினால் பத்து, இருபது ஆண்டுக்கு அடுத்தது தேவைப்படாது. ஸ்டான்லி நிறுவனமோ ஆயுட்கால உத்தரவாதமே தருகிறது. வாங்குபவருக்கு இது நல்ல செய்தி. விற்பவருக்கு ஒரு வீட்டில் ஒரே ஒரு விற்பனை என்று பொருள். ஆகவே தேவைக்கு அப்பால் வேறொரு காரணத்தை உண்டாக்கினால்தான் இரண்டாவது டம்ளரை விற்க முடியும்.

1913-இல் வில்லியம் ஸ்டான்லி என்ற பொறியாளர், உடையும் கண்ணாடிக்குப் பதில் முழுக்க எஃகிலான வெற்றிடக் குடுவையைச் செய்தார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள், பின்னாளில் பச்சை நிறத்துக்குப் பெயர்பெற்ற அந்த ஃப்ளாஸ்க்கைக் கட்டடத் தொழிலாளிகளும், லாரி ஓட்டுநர்களும், முகாம் போடுபவர்களும்தான் வாங்கினார்கள். 2016-இல் 'குவென்ச்சர்' என்ற கைப்பிடி வைத்த பெரிய டம்ளர் வந்தது. கொள்ளளவு 40 அவுன்ஸ், அதாவது 1.18 லிட்டர். மேலே ஸ்ட்ரா. கார் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள குவளைக் குழியில் நிற்கும்படி அடிப்பகுதியைக் குறுக்கியிருந்தார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் காரிலேயே போய்வரும் அமெரிக்க அம்மாக்களுக்கு அந்தக் குறுகிய அடிப்பகுதி பெரிய வசதி. ஆனால் ஆரம்பத்தில் விற்பனை மந்தம்தான். 2019-இல் நிறுவனம் அதைக் கைவிடும் நிலைக்கு வந்துவிட்டது.

அப்போது, 'தி பை கைட்' என்ற பரிந்துரைத் தளத்தை நடத்திய மூன்று பெண்கள் 5,000 டம்ளர்களை மொத்த விலைக்கு வாங்கித் தங்கள் வாசகிகளிடம் விற்றார்கள். சில நாட்களில் தீர்ந்தன. அடுத்த 5,000 ஒரு மணி நேரத்தில் போயிற்று. பெண்கள் வாங்க மாட்டார்கள் என்று நினைத்த சரக்கைப் பெண்களே வாங்கித் தீர்த்தார்கள். நிறுவனத்தின் கண்களைத் திறந்த விற்பனை அதுதான்.

2020-இல் டெரன்ஸ் ரெய்லி தலைவராக வந்தார். அதற்கு முன் அவர் இருந்தது க்ராக்ஸ் செருப்பு நிறுவனத்தில். பிரபலங்களோடு கூட்டு, குறைந்த எண்ணிக்கையில் புது நிறங்கள் என்று ஒரு ரப்பர் செருப்பை மறுபடி நாகரிகமாக்கிய நிறுவனம் அது. அதே முறை டம்ளருக்கும் வந்தது. பச்சை, நீலம் போக இளஞ்சிவப்பும் ஊதாவும் வெண்ணெய் நிறமும் பருவத்துக்குப் பருவம் மாறி மாறி வந்தன. 2019-இல் சுமார் 7.3 கோடி டாலராக இருந்த ஆண்டு வருமானம் 2023-இல் 75 கோடி டாலரைத் தொடும் என்று அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் கணித்தன.

ஹார்வி லைபன்ஸ்டைன் என்ற பொருளியலாளர் 1950-இல் இரண்டு வகையான வாங்கும் ஆசையைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, எல்லோரும் வாங்குகிறார்கள், நானும் வாங்க வேண்டும் என்பது. மற்றது, யாரிடமும் இல்லாதது என்னிடம் இருக்க வேண்டும் என்பது. பெரும்பாலான பொருட்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் நிறைவேற்றும். ஸ்டான்லி இரண்டையும் ஒரே டம்ளரில் அடக்கியது. வடிவம் எல்லோருக்கும் ஒன்று, அதனால் கூட்டத்தில் சேர்ந்துவிடலாம். நிறம் அரிது, அதனால் கூட்டத்தில் தனித்தும் தெரியலாம். உங்கள் மகள் வீட்டு ஒன்பது டம்ளர்களும் வடிவத்தில் ஒன்றாக, நிறத்தில் மட்டும் வேறாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் குக்கரையோ மிக்ஸியையோ வெளியார் பார்ப்பதில்லை. டம்ளர் கையோடு வகுப்புக்கும் அலுவலகத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போகிறது, நாள் முழுக்க மேஜைமேல் நிற்கிறது. கைப்பையைப் போல ஊர் பார்க்கும் பொருள்தான், ஆனால் விலை பிராண்டட் கைப்பையில் ஒரு சிறு பங்கு. கைப்பைக்கு ஆசைப்பட்டு வாங்க முடியாதவரும் இதை வாங்கிவிடலாம். 45 டாலர் என்ற விலை அந்த இடத்தில் சரியாகப் பொருந்தி நிற்கிறது.

'கையிருப்பு இல்லை' என்று போட்டால்தான் நமக்கு வேண்டும் என்று தோன்றுகிறது. இது விற்பவர்களின் தந்திரமா, நம் மனத்தின் இயல்பா?
– வாசகர், ஈரோடு

இயல்பு. அதைத் தெரிந்து பயன்படுத்துவது தந்திரம்.

1975-இல் ஸ்டீபன் வொர்ச்செல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் எளிய சோதனை ஒன்று செய்தார்கள். ஒரு ஜாடியில் பத்து பிஸ்கட், மற்றொன்றில் அதே பிஸ்கட் இரண்டு. இரண்டு மட்டும் இருந்த ஜாடியைப் பெற்றவர்கள் பிஸ்கட்டை உயர்வாக மதிப்பிட்டார்கள். முதலில் பத்து இருந்து, கண்முன்னே இரண்டாகக் குறைந்தபோது மதிப்பு இன்னும் ஏறியது. மற்றவர்கள் எடுத்துக்கொண்டதால் குறைந்தது என்று சொன்னபோது அதற்கும் மேலே போயிற்று.

புது நிறம் வெளியாகும் நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிப்பு. குறிப்பிட்ட கடைகளில் மட்டும் விற்பனை. காலையில் அடுக்கு நிறைய டம்ளர், சற்று நேரத்தில் வெற்று அடுக்கு. அந்த வெற்று அடுக்கைப் படம் பிடித்துப் போடுவது வாடிக்கையாளர்களே. 'மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள்' என்ற செய்தி காசில்லாமல் ஊரெங்கும் போய்விடுகிறது. 2024 ஜனவரி 3-ஆம் தேதி, டார்கெட் கடைகளுக்குள் இருக்கும் ஸ்டார்பக்ஸ் கிளைகளில் ஓர் இளஞ்சிவப்பு ஸ்டான்லி விற்பனைக்கு வந்தபோது விடியுமுன்பே வரிசை நின்றது இப்படித்தான்.

இது ஸ்டான்லியோடு தொடங்கியதும் இல்லை. 2019 பிப்ரவரியில் சீனாவில் ஸ்டார்பக்ஸ் உள்பக்கம் பூனைப் பாத வடிவில் அமைந்த கண்ணாடிக் குவளை ஒன்றை 199 யுவானுக்கு விற்றது. கடைகளில் கைகலப்பு நடந்தது. 2025 நவம்பரில் அமெரிக்காவில் அதே நிறுவனத்தின் கரடி வடிவக் கண்ணாடிக் குவளை, 29.95 டாலர், வந்த வேகத்தில் தீர்ந்து, நிறுவனம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. இரண்டுமே வெறும் கண்ணாடி. சூட்டையும் குளிரையும் காக்கும் திறனுக்காக அந்த வரிசைகளில் யாரும் நின்றிருக்க முடியாது.

எரிந்துபோன காருக்குள் ஸ்டான்லியில் ஐஸ் கரையாமல் இருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா? அப்படியானால் 600 ரூபாய் ஃப்ளாஸ்க்கைவிட அது உயர்ந்ததுதானே?
– வாசகர், மதுரை

2023 நவம்பரில் அப்படியொரு காணொளி வந்தது உண்மை. நிறுவனத் தலைவர் அந்தப் பெண்ணுக்குப் புதிய கார் வாங்கித் தருவதாக அறிவித்ததும் உண்மை. ஆனால் அதில் வியப்பு குறைவு. எந்த நல்ல வெற்றிட ஃப்ளாஸ்க்கும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்ளும். காரணம் இதுதான்.

எஃகுச் சுவர்கள் இரண்டு, நடுவே காற்று உறிஞ்சப்பட்ட இடைவெளி. காற்று இல்லாததால் வெப்பம் கடந்து போகவோ சுழன்று போகவோ வழியில்லை. கதிர்வீச்சாகப் போவதைக் குறைக்க, நல்ல தயாரிப்புகளில் உள்சுவரின் வெளிப்பக்கத்துக்குச் செம்புப் பூச்சு தருவார்கள். மிச்சம் இருப்பது இரண்டு சுவர்களும் சேரும் வாய்ப்பகுதியும் மூடியும். வெப்பம் பெரும்பாலும் அங்கேதான் கசிகிறது. ஆகவே ஒரே தரமுள்ள இரண்டு ஃப்ளாஸ்க்கில், வாய் குறுகி, திருகுமூடி தடிமனாக இருப்பது அதிக நேரம் தாங்கும். அகன்ற வாயும் மெல்லிய பிளாஸ்டிக் மூடியும் ஸ்ட்ரா துளையும் கொண்ட குவென்ச்சர் இந்தக் கணக்கில் பின்தங்கியதே. சூட்டைக் காப்பது முதல் தேவை என்றால் பழைய பச்சை ஃப்ளாஸ்க்கே மேல்.

40 அவுன்ஸ் குவென்ச்சருக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு: சூடு 7 மணி நேரம், குளிர் 11 மணி நேரம், ஐஸ் போட்டால் 2 நாள். குளிருக்கும் ஐஸுக்கும் இத்தனை வித்தியாசம் வருவது டம்ளரின் திறமையால் அன்று. ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரி ஏற 1 கலோரி போதும். ஒரு கிராம் ஐஸ் உருகவே 80 கலோரி வேண்டும். அரை கிலோ ஐஸ் உருகும்போது உள்வாங்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரை 40 டிகிரி சூடேற்றப் போதுமானது. நிறைய ஐஸ் போட்டால் எந்த ஃப்ளாஸ்க்கும் பெயர் வாங்கும்.

600 ரூபாய் ஃப்ளாஸ்க் சரியானதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கொதிநீரை முழுக்க ஊற்றி மூடி 5 நிமிடம் விடுங்கள். பிறகு வெளிச்சுவரை மேலிருந்து அடி வரை தொட்டுப் பாருங்கள். வாய்க்கு அருகே மட்டும் சூடு தெரிந்தால் சரி. நடுவிலோ அடியிலோ சூடு தெரிந்தால் உள்ளே வெற்றிடம் இல்லை. ஒன்று, வெற்றிடம் போய்விட்டது. அல்லது அது வெறும் இரட்டைச் சுவர், நடுவில் காற்றுதான். பெட்டியில் 'இரட்டைச் சுவர்' என்று மட்டும் போட்டு, வெற்றிடம் என்ற சொல்லே இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றி வெளியே வியர்த்தாலும் அதே பொருள்.

வெற்றிடம் போவதற்கோ பயனற்றுப் போவதற்கோ வழக்கமான காரணங்கள்: கீழே விழுந்து அடிப்பக்க முத்திரையில் கீறல் விழுவது, ஒடுக்கு ஆழமாகி வெளிச்சுவர் உள்சுவரைத் தொடுவது, தண்ணீரோடு ஃப்ரீஸரில் வைத்து, உறைந்த நீர் விரிந்து உள்சுவர் பிதுங்குவது. போன வெற்றிடத்தை எந்தப் பட்டறையிலும் திரும்ப ஏற்ற முடியாது. சாதாரண பாட்டிலாகப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான்.

எஃகு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. காந்தம் ஒட்டாவிட்டால் உணவுப் பாத்திரத்துக்கு ஏற்ற 304 தரம் என்று கடையில் சொல்வார்கள். நிக்கல் குறைந்த 201 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 304-ஐ அழுத்தி வளைத்த இடத்தில் லேசாக ஒட்டவும் செய்யும். எனவே காந்தம் எதையும் நிரூபிக்காது. இந்தியாவில் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். எஃகு வெற்றிட ஃப்ளாஸ்க்குகளுக்கான தர எண் ஐ.எஸ். 17526. மோர், எலுமிச்சைச் சாறு ஊற்றி வைத்த பிறகு உள்ளே பழுப்புப் புள்ளி வந்தால் அதை மாற்றிவிடுவது நல்லது.

ஸ்டான்லியில் காரீயம் இருக்கிறதாமே! என் பேரன் தினமும் அதில்தான் குடிக்கிறான்.
– வாசகி, திருநெல்வேலி

இருக்கிறது, ஆனால் தண்ணீர் தொடும் இடத்தில் இல்லை. காற்றை உறிஞ்சி எடுக்கும் சிறு துளை டம்ளரின் அடியில், வெளிப்பக்கம் இருக்கும். அதை அடைக்கக் காரீயம் கலந்த ஒரு சிறு வில்லையை உருக்கி, மேலே எஃகு வட்டத்தால் மூடிவிடுவார்கள். 2024 ஜனவரியில் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. ஹைட்ரோ ஃப்ளாஸ்க் உள்ளிட்ட சில நிறுவனங்கள் காரீயம் இல்லாத முறைக்கு மாறிவிட்டதாக அறிவித்தன. எல்லோரும் மாறுவதே சரி என்பது எங்கள் கருத்து. குழந்தைகள் கையில் போகும் பொருளில், மூடியிருக்கிறோம் என்ற சமாதானம் நிறைவு தரவில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: டம்ளரைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். எஃகு வட்டம் அசையாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கீழே போட்டு அது கழன்று, நடுவில் சாம்பல் நிறப் பொட்டு தெரிந்தால் அன்றோடு பயன்பாட்டை நிறுத்துங்கள். சுரண்ட வேண்டாம், ஒட்டுப்போட வேண்டாம், குழந்தையை விளையாட விடவே வேண்டாம். உத்தரவாதத்தின் கீழ் மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்கலாம்.

எத்தனை முறை கழுவினாலும் ஒரு வாடை போகவில்லை. மகளின் டம்ளர், விலை உயர்ந்தது, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.
– வாசகி, சென்னை

எஃகில் வாடை தங்குவது அரிது. வாடை இருக்குமிடம் மூடியின் சிலிக்கோன் வாஷர், ஸ்ட்ராவின் உள்பக்கம், திருப்பும் தகட்டின் அடி. வாஷரை மழுங்கிய பல்குச்சியால் நெம்பி எடுங்கள். கத்தி வேண்டாம், சிறு கீறல் விழுந்தாலும் ஒழுகும். அதன் பள்ளத்தில் கறுப்பாகத் தெரிவது பூஞ்சை. அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேஜைக்கரண்டி சமையல் சோடா கரைத்து வாஷர், மூடி, ஸ்ட்ரா மூன்றையும் நான்கைந்து மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு பொருத்துங்கள். ஈரத்தோடு பொருத்துவதால்தான் பூஞ்சை திரும்பத் திரும்ப வருகிறது. அப்படியும் போகாவிட்டால் வாஷர் மட்டும் மாற்றினால் போதும்.

உள்ளே வெள்ளைப் படிவு இருந்தால் அது உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு. ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, வெந்நீரில் கரைத்து அரை மணி நேரம் விட்டால் வந்துவிடும். பிளீச்சிங் பவுடர் கலந்த எதுவும் வேண்டாம். குளோரின் எஃகில் ஊசித் துளை போடும்.

பாலையும் மோரையும் இதில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள். ஃப்ளாஸ்க் வெதுவெதுப்பையும் காக்கும், கிருமிக்கு வேண்டியதும் அதுதான். புளித்து வாயு சேர்ந்தால் இறுக்கமான மூடி திறக்கும்போது தெறிக்கும்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்டான்லிதான் வேண்டும் என்கிறாள். போலி வாங்கிக் கொடுத்தால் தெரியுமா?
– வாசகர், திருச்சி

தெரியும். அவளுக்குத் தெரியாவிட்டாலும் உடன் படிப்பவர்களுக்குத் தெரியும். 2024 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒன்பது வயதுச் சிறுமியை, அவள் வைத்திருந்தது ஸ்டான்லி இல்லை என்று வகுப்பில் கேலி செய்ததாக அவளுடைய தாய் காணொளி போட்டார். அது பெரிய விவாதமானது. இந்த வயதில் குழந்தை கேட்பது டம்ளரை அன்று, கூட்டத்தில் ஓர் இடத்தை. அதை ஆடம்பரம் என்று அதட்டுவதில் பயனில்லை.

ஆனால் அவளிடம் ஒரு நடைமுறைக் கணக்கைச் சொல்லலாம். 40 அவுன்ஸ் டம்ளர் காலியாகவே அறுநூறு கிராமுக்கு மேல். நிரப்பினால் ஏறக்குறைய 1.8 கிலோ. புத்தகப் பையின் பக்கப் பையில் நிற்காது. மூடியில் ஸ்ட்ரா, வாய் வைத்துக் குடிப்பது, முழு மூடல் என்று மூன்று நிலை உண்டு; மூன்றாவது நிலையும் சிந்தாமல் காப்பதே தவிர, கவிழ்ந்தால் ஒழுகாமல் காப்பதில்லை. நோட்டுப் புத்தகம் நனையும். காரில் போய்வருபவர்களுக்காகச் செய்தது, பேருந்தில் போகும் பிள்ளைக்குப் பொருந்தாது. முக்கால் லிட்டர் திருகுமூடி பாட்டில் ஒன்றை, நிறத்தை அவளே தேர்ந்தெடுக்கும்படி வாங்கிக் கொடுங்கள். நிறத்தை அவளிடம் விடுவது முக்கியம்.

அரிய நிறங்களை வாங்கி வைத்தால் பிறகு லாபத்துக்கு விற்கலாம் என்கிறான் தம்பி.
– வாசகர், சேலம்

வேண்டாம். வரிசை நின்ற அந்த வாரத்தில் சிலர் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அதற்குள் விற்றவர்களுக்குத்தான் லாபம். நிறுவனம் நினைத்தால் அதே இளஞ்சிவப்பை அடுத்த பருவத்தில் மீண்டும் வெளியிடலாம்.

இந்த மோகம் எப்போது தணியும்?
– வாசகி, சிங்கப்பூர்

தணிந்துகொண்டே அடுத்ததற்கு மாறுகிறது. 2019-இல் அமெரிக்கப் பள்ளி மாணவிகள் கையில் ஒட்டுப்படங்கள் ஒட்டிய ஹைட்ரோ ஃப்ளாஸ்க் இருந்தது. ஓரிகன் மாநிலத்தின் பெண்ட் நகரில் 2009-இல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் பின் ஸ்டான்லி. அதன் பின், ஸ்ட்ராவாலும் வாய் வைத்தும் குடிக்கக்கூடிய ஓவாலா. எல்லோரிடமும் வந்துவிட்ட பொருளால் தனித்துக் காட்ட முடியாது; முதலில் வாங்கிய இளையவர்கள்தான் முதலில் கைவிடுகிறார்கள். தங்கள் அம்மாவும் அதே டம்ளரை ஏந்தும்போது பெண்பிள்ளைகள் வேறு தேடுவது இயற்கை.

எங்களை உண்மையில் வருத்துவது இதுதான். மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பாட்டில் என்பது பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க வந்தது. எஃகு உருக்குவதற்கு ஆகும் எரிபொருள், ஒரே டம்ளரை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும்போது மட்டுமே நியாயமாகும். அலமாரியில் நிற்கும் ஒன்பதில் எட்டுக்கு அந்த நியாயம் இல்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்டான்லி காபி மக் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஏதோ திரும்பப் பெற்றார்கள் என்று கேள்விப்பட்டேன்.
– வாசகர், யாழ்ப்பாணம்

குவென்ச்சர் அன்று. 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டவை 'ஸ்விட்ச்பேக்', 'ட்ரிக்கர் ஆக்‌ஷன்' என்ற இரண்டு பயணக் குவளைகள், அமெரிக்காவில் மட்டும் சுமார் 26 லட்சம். சூடும் திருகும் விசையும் சேர்ந்து மூடியின் மரை சுருங்கி, குடிக்கும்போது மூடி கழன்று விழுந்தது. உலகம் முழுவதும் 38 பேருக்குச் சூடுபட்டதாகப் பதிவானது. குவளையின் அடியில் உள்ள மாதிரி எண்ணைப் பார்த்து, நிறுவனத்தின் திரும்பப் பெறும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இருந்தால் மாற்று மூடி இலவசம். அது வரும்வரை அதில் சூடான எதையும் ஊற்ற வேண்டாம்.